பேக்கப் ஆன்ல இருக்கு… ஆனா ஓடுதா?

நண்பர்களே, ஒரு சின்னக் கேள்வி. உங்கள் வீட்டு கம்ப்யூட்டரில் கடைசியாக எந்தத் தேதியில் பேக்கப் ஆனது? "அதெல்லாம் ஆட்டோமேட்டிக்கா நடக்குது" என்பது பதில் இல்லை. தேதி வேண்டும்.

நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். செஞ்சிக்குப் பக்கத்தில் அனந்தபுரம் எங்கள் ஊர். அக்காவின் லேப்டாப்பில் தினமும் இரவு 9 மணிக்கு முக்கியமான ஃபோல்டர்கள் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்கு காப்பி ஆகும்படி நான்தான் செட் பண்ணி வைத்தேன். பொங்கல் லீவுக்குப் போனபோது லேப்டாப் டிஸ்க் செத்துப்போயிருந்தது. "கவலைப்படாதே, பேக்கப் இருக்கு" என்று பெருமையாகத் திறந்தேன். கடைசி காப்பி ஆகஸ்ட் மாதம்! அக்டோபரில் தாத்தா பழைய விவசாயம் பற்றிப் பேசியதை அக்கா பதிவு செய்திருந்தாள். டிசம்பரில் தாத்தா போய்விட்டார். அந்தக் குரல் இப்போது எங்களிடம் இல்லை.

காரணம் என்ன தெரியுமா? ஒரே ஒரு டிக் மார்க். அதிலிருந்தே ஆரம்பிப்போம்.

1. மின்சார நிபந்தனை

விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலையை உருவாக்கினால், 'கண்டிஷன்ஸ்' பக்கத்தில் "கரண்ட் இணைப்பு இருந்தால் மட்டும் தொடங்கு" என்பது தானாகவே டிக் ஆகியிருக்கும். அக்கா பகலில் சார்ஜ் போட்டுவிட்டு இரவில் பேட்டரியில் வேலை செய்வாள். அதனால் 9 மணி வேலை ஓடவே இல்லை. அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். 'செட்டிங்ஸ்' பக்கத்தில் "தவறிய வேலையை முடிந்தவரை சீக்கிரம் ஓட்டு" என்பதை டிக் பண்ணுங்கள். குறித்த நேரத்தில் கம்ப்யூட்டர் ஆஃப் ஆகியிருந்தால், அடுத்து ஆன் செய்த பிறகு வேலை நடக்கும்.

இன்னொன்று: அங்கே 'ரெடி' என்று காட்டுவதை நம்பாதீர்கள். அடுத்த முறைக்குத் தயார் என்றுதான் அதற்கு அர்த்தம். போன முறை முடிந்தது என்று அல்ல. 'லாஸ்ட் ரன் டைம்', 'லாஸ்ட் ரன் ரிசல்ட்' இரண்டையும் பாருங்கள்.

2. டிரைவ் எழுத்து மாறுவது

நேற்று 'ஈ' டிரைவாக இருந்த ஹார்ட் டிஸ்க், இன்று முதலில் ஒரு பென் டிரைவ் செருகியதால் 'எஃப்' ஆகிவிடலாம். உங்கள் ஸ்கிரிப்ட் பாவம், 'ஈ'யையே தேடிக்கொண்டிருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய், கடைசிப் பக்க எழுத்து ஒன்றை ('எக்ஸ்' மாதிரி) அந்த டிஸ்க்குக்கு ஒதுக்கிவிடுங்கள்.

3. இடமும் ஃபார்மேட்டும்

டிஸ்க் நிரம்பியிருக்கிறதா பாருங்கள். இடம் இருந்தும் பெரிய வீடியோ மட்டும் ஏறவில்லையா? டிஸ்க் ஃபேட்32 ஃபார்மேட்டில் இருக்கலாம். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. என்டிஎஃப்எஸ் ஆக மாற்றலாம். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது அழியும், ஆகவே முதலில் வேறு இடத்தில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

4. ஃபைல் ஹிஸ்டரி பயன்படுத்துகிறவர்களுக்கு

கன்ட்ரோல் பேனலில் ஃபைல் ஹிஸ்டரியைத் திறந்தால் கடைசியாகக் காப்பி ஆன நேரம் தெரியும். 'ரன் நவ்' அழுத்திப் பாருங்கள். தகராறு செய்தால் 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' உள்ளே ஈவென்ட் லாக் இருக்கிறது. எந்த ஃபைலில் சிக்கல் என்று அதில் தேடலாம். இது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் போன்ற வழக்கமான ஃபோல்டர்களைத்தான் எடுக்கும். 'டி' டிரைவில் நீங்களே உருவாக்கிய புராஜெக்ட் ஃபோல்டரை நாம்தான் லைப்ரரியில் சேர்க்க வேண்டும்.

5. சிங்க் வேறு, பேக்கப் வேறு

கூகுள் டிரைவ், ஒன்டிரைவ் சிங்க் ஆகும்போது, இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் கொஞ்ச நாள் இருக்கும், அவ்வளவுதான். ரோபோகாப்பியில் 'மிரர்' ஆப்ஷன் போடுகிறவர்களும் கவனம்: மூலத்தில் இல்லாததை அது காப்பியிலும் அழித்துவிடும்.

இது நம்மைப் போன்ற மாணவர்களுக்கு மட்டும் நடப்பது என்று நினைக்காதீர்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு இன்ஜினியர் தவறுதலாக முக்கிய டேட்டாபேஸை அழித்துவிட்டார். ஐந்து வகை பேக்கப் ஏற்பாடுகள் வைத்திருந்தார்கள். ஒன்றும் சரியாகக் கைகொடுக்கவில்லை. டேட்டாபேஸுக்கும் பேக்கப் கருவிக்கும் வெர்ஷன் பொருந்தாததால் தினசரி காப்பி தோற்றுக்கொண்டே இருந்தது. அதைச் சொல்ல வேண்டிய மெயில்களும் நிராகரிக்கப்பட்டதால் யாருக்கும் தெரியவில்லை. சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன், வேறு வேலைக்காக ஒருவர் கையால் எடுத்த ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தகவல் போனது போனதுதான்.

ஆகவே கடைசிப் படி, இதுதான் முக்கியமானது: திருப்பி எடுத்துப் பாருங்கள். மாதம் ஒரு நாள், பேக்கப்பிலிருந்து ஏதாவது மூன்று ஃபைலை வேறு ஃபோல்டருக்குக் காப்பி செய்து திறந்து பாருங்கள். அதில் ஒன்று போன வாரம் உருவாக்கியதாக இருக்கட்டும். திறந்தால்தான் அது பேக்கப்.

எத்தனை காப்பி வேண்டும்? 3-2-1 என்பார்கள்: மொத்தம் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. செஞ்சிக் கோட்டையையே பாருங்கள், ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையில் கட்டினார்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, நம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. அப்படி வீட்டுக்குள் தண்ணீர் வந்தால், ஒரே மேசையில் இருக்கும் லேப்டாப்பும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்தேதான் நனையும்.

இப்போ படித்து முடித்ததும் போய் அந்தத் தேதியைப் பாருங்க. வீட்டில் இல்லையென்றால் போன் போட்டுத் தங்கையையோ தம்பியையோ பார்க்கச் சொல்லுங்க. ஐந்து நிமிஷ வேலைதான். நான் ஆகஸ்டில் செய்யாத ஐந்து நிமிஷம் அது.