பொறிக்க ஓர் உயரம், வெட்ட ஓர் உயரம்

நயினாதீவு வாசகத் தம்பிக்கு,

பனம்பலகையில் எழுத்து வடிவாகப் பொறிபடுகிறது, அதே பலகையைச் சுற்றிவர வெட்டினால் மட்டும் அடிவரை போகுதில்லை என்று எழுதியிருந்தீர்கள். வேகத்தைப் பாதியாகக் குறைத்தும் விளிம்பு கரியானதுதான் மிச்சம் என்கிறீர்கள். மெஷினின் வலுவில் குறையில்லை. இரண்டு வேலைக்கும் லேசர் தலையை ஒரே உயரத்தில் விட்டிருக்கிறீர்கள்.

வில்லையைத் தாண்டி வரும் ஒளி ஓரிடத்தில் மிக ஒடுங்கி, பிறகு மறுபடி விரியும். பொறிக்கும்போது அந்த ஒடுங்கிய புள்ளி பலகையின் மேற்பரப்பில் விழவேண்டும். அப்போதுதான் எழுத்துக் கூராக வரும். 6 மில்லிமீற்றர் பலகையை வெட்டும்போதும் அது மேலேயே நின்றால், ஒளி அடிக்குப் போவதற்குள் அகன்றுவிடும்; மரம் வெட்டுப்படாமல் கருகும். ஆகவே வெட்டுக்குத் தலையை 2 அல்லது 3 மில்லிமீற்றர் இறக்குங்கள். அதற்குமேல் வேண்டாம். ஒளிக் கூம்பின் அகன்ற பக்கம் மேல் விளிம்பில் பட்டு வெட்டின் வாய் பெருத்துப்போகும். 3 மில்லிமீற்றர் பிளைவூட் என்றால் இந்தப் பாடே தேவையில்லை, மேற்பரப்பிலேயே வைத்து வெட்டிவிடலாம்.

லைட்பேர்ன் மென்பொருளில் முதலில், தலையை ஏற்றி இறக்கும் இசட் அச்சை இயங்கவிட்டு, உயரத்தைத் தொடங்கிய இடத்திலிருந்து கணக்கிடும் 'ரிலேட்டிவ்' தெரிவையும் போட்டுவிடுங்கள். பிறகு ஒவ்வொரு லேயருக்கும் 'இசட் ஒஃப்செற்' என்ற பெட்டி இருக்கும். பொறிக்கும் லேயருக்கு 0. வெட்டும் லேயரை மூன்று தரம் ஓடவிடுவதாக இருந்தால் ஒஃப்செற் 1, ஒவ்வொரு ஓட்டத்துக்குமான ஸ்டெப் 1 என்று கொடுங்கள். மூன்றாம் ஓட்டத்தில் தலை 3 மில்லிமீற்றர் இறங்கி நிற்கும். சில மெஷின்களில் திசை மாறி, இறங்க வேண்டியது ஏறும். முதல் தரம் பலகை வைக்காமல், லேசர் வலுவைப் பூச்சியமாக்கி ஓடவிட்டுப் பாருங்கள். பொறிப்பு முன்னுக்கு, வெட்டு பின்னுக்கு. முதலே வெட்டினால் துண்டு விலகி எழுத்துக் கோணலாகும். வெட்டுப்பட்ட சின்னத் துண்டு சரிந்து நிமிர்ந்தால், இறங்கிய தலை அதில் இடிக்கவும் கூடும்.

இசட் மோட்டர் இல்லாத மெஷின் வைத்திருப்பவர்கள் மனம் தளர வேண்டாம். தலைக்கும் பலகைக்கும் இடையில் வைத்து உயரம் பிடிக்க, 2 மில்லிமீற்றர் வித்தியாசத்தில் இரண்டு அளவுத்துண்டு வெட்டி வைத்தால் போதும். பொறிக்கும் லேயரை மட்டும் ஓடவிட்டு, தலையைக் கையால் இறக்கி, வெட்டும் லேயரை ஓடவிடலாம். இடையில் தலை பக்கவாட்டில் அசையாதபடி மோட்டர்கள் பிடித்தபடி நிற்கவேண்டும். மெஷினை இயக்குவது ஜீஆர்பிஎல் போர்ட் என்றால், அதில் 1ஆம் இலக்க அமைப்பை 255 ஆக்கினால் அது நடக்கும்.

இனி உங்கள் தீவுக்கே உரிய சங்கதி. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலையோடு தொடுபடாமல் டீசல் ஜெனரேற்றரில் ஓடிய தீவுகள். இந்தியாவின் 1.1 கோடி டொலர் நன்கொடையில், சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்த கலப்பு மின் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. எந்தக் கரண்டாக இருந்தாலும் வெட்டு நடக்கும்போது ஒரு நொடி நின்றால் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். தலை 3 மில்லிமீற்றர் இறங்கிய நிலையில் செத்துப்போகிறது. கரண்ட் திரும்பியதும், இசட்டுக்கு முடிவுச் சுவிச்சு இல்லாத மெஷின் தான் நிற்கும் இடத்தையே பூச்சியம் என்று எடுத்துக்கொள்ளும். அடுத்த வேலையில் அங்கிருந்து இன்னும் 3 இறங்கும். எழுத்து மங்கும், தலையின் மூக்கு பலகையில் உரசும். இடையில் 'ஸ்டொப்' அழுத்தினாலும் இதே கதிதான். நின்று தொடங்கிய ஒவ்வொரு தரமும் அளவுத்துண்டை வைத்து உயரத்தை மறுபடி பிடியுங்கள். இந்தக் கடிதத்தில் இது ஒன்றை மறக்காமல் இருந்தாலே போதும்.

உங்கள் தீவின் நாகபூசணி அம்மன் கோயில் கல்வெட்டைப் பலகையில் பொறித்து யாத்திரிகர்களுக்கு விற்கும் உங்கள் யோசனை எனக்கு நன்றாகப் பிடித்திருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு தமிழில் வெட்டுவித்த கட்டளை அது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பரதேசி வணிகரைக் காக்க வேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கென்றால் ஆளுக்குப் பாதி. அரசனுக்கு யானை குதிரையில் எவ்வளவு ஆசை என்று அந்தக் கணக்கிலேயே தெரிகிறது! வரலாற்றாசிரியர் கா. இந்திரபாலா 1963இல் இதன் வாசகத்தை வெளியிட்டார். ஒளிப்படத்தைப் பார்த்து எழுத்தைக் கீறாமல் அந்த வாசகத்தையே எடுங்கள். ஆனால் பனம்பலகையில் வேண்டாம். கறுத்த நார் கடினம், இடையில் உள்ள சதை மென்மை. லேசர் சதையை ஆழமாகத் தின்னும், நாரில் தயங்கும். பெரிய எழுத்தில் அது அழகு, சின்ன எழுத்தில் புள்ளியும் கொம்பும் காணாமற்போகும். கல்வெட்டுக்குப் பிளைவூட், பெயர்ப்பலகைக்குப் பனை.

பிவிசி எதையும் மெஷினில் வைக்காதீர்கள், நச்சுப்புகை வரும். ஓடும்போது பக்கத்தை விட்டு எழும்பிப் போகவும் வேண்டாம்.

அடுத்த கடிதத்தோடு, வெட்டிய துண்டு ஒன்றின் விளிம்பைக் கிட்டவாகப் படமெடுத்து அனுப்புங்கள். மேல்வாயும் அடிவாயும் எவ்வளவு அகலம் என்று பார்த்தால், தலையை இன்னும் இறக்குவதா ஏற்றுவதா என்று சொல்லிவிடலாம்.

அன்புடன்.