பள்ளித் தொலைவும் பிள்ளைகளின் நட்பும்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவி)

முன்னுரை

பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் காணாமலேயே உயிர் நண்பராயினர் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஒருவர் பாண்டிய நாட்டினர். மற்றவர் உறையூரிலிருந்து ஆண்டவர். உள்ளம் ஒன்றுபட்டால் தொலைவு தடையன்று என்பதற்கு இவர்களைச் சான்று காட்டுவது வழக்கம். ஆனால் அவர்கள் அறிவாலும் வயதாலும் முதிர்ந்தவர்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு இது பொருந்துமா? எட்டாம் வகுப்பு முடிந்து உயர்நிலைப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது தூரம் பிள்ளைகளின் நட்பை என்ன செய்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அண்மையே நட்பின் விதை

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மணமான மாணவர்கள் வாழ்ந்த குடியிருப்பை ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் ஆகிய மூவரும் ஆராய்ந்து 1950-இல் ஒரு நூல் வெளியிட்டனர். ஒரே தளத்தில் அடுத்தடுத்த வீட்டார் நெருங்கிய நண்பராவது 41 விழுக்காடாக இருந்தது. இரு கோடிகளிலுள்ள வீட்டாரிடையே அது 10 விழுக்காடே. மாடிப்படிக்கு அருகில் குடியிருந்தோருக்கு மேல்தளத்திலும் நண்பர்கள் மிகுதி. இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. நட்பை வளர்ப்பது அளவுகோலால் அளக்கும் தூரம் மட்டுமன்று. நாள்தோறும் ஒரே வழியில் எதிர்ப்படுவதே ஆகும். படித்த பெரியவர்களுக்கே இப்படியெனில், பிள்ளைகளைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ!

சட்டம் வகுத்த தூரம்

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட விதிகளின்படி, ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருத்தல் வேண்டும். ஆகவே ஒரு தெருப் பிள்ளைகள் ஒரே பள்ளியில் சேர்ந்து படிக்க இயலுகிறது. ஒன்பதாம் வகுப்பிலோ இச்சட்டத்தின் துணை நின்றுவிடுகிறது. இடைநிலைக் கல்விக்காக அதே ஆண்டு தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் 5 கிலோமீட்டருக்குள் ஓர் உயர்நிலைப் பள்ளி என்பதை இலக்காகக் கொண்டது. தூரம் கூடும் இந்த இடத்தில்தான் பிள்ளைகள் திசைக்கொருவராகப் பிரிகின்றனர்.

எங்கள் ஊரில் கண்டது

என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் நான். எட்டாம் வகுப்பு வரை நாங்கள் நான்கு தோழியர். இருவர் வீடுகள் ஊருக்குள். மற்ற இருவர் வீடுகள் ஓடைக்கு அப்பால், முந்திரித் தோப்பைக் கடந்து. அரசு உயர்நிலைப் பள்ளி எங்கள் ஊரிலிருந்து 4 கிலோமீட்டர். நால்வரும் சேர்ந்தே நடப்பது என்று பேசி வைத்திருந்தோம்.

ஆனால் ஓடைக்கு அப்பாலிருந்த ஒருத்தியை அவள் தந்தையார் நகரத்துத் தனியார் பள்ளியில் சேர்த்தார். வாசலுக்கே வேன் வந்தது. அவள் எங்களை மறக்கவில்லை, ஞாயிறுதோறும் வருவாள். எனினும் அவள் சொல்லும் பெயர்கள் எங்களுக்குப் புதியவை. எங்கள் கதைகள் அவளுக்குப் புதியவை. பேச்சு மெல்லக் குறைந்தது.

பெரிய இழப்பு மற்றொருத்திக்கே நேர்ந்தது. தோப்பை அவள் தனியே கடக்க வேண்டியதாயிற்று. மூன்று மாதத்தில் அவள் வருகை நின்றது. நான் வீட்டுக்குச் சென்று கேட்டபோது, "துணைக்கு ஆளிருந்தா அனுப்பலாம் கண்ணு, ஒத்தையில எப்படி அனுப்புறது?" என்றார் அவள் தாயார். வகுப்பில் எங்களுள் கணக்கில் முதல்வள் அவளே. காலையில் கால்மணி நேரம் முன்னதாகக் கிளம்பி ஓடைவரை சென்று அவளை அழைத்து வந்திருக்கலாம் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. இன்று தோன்றுகிறது.

கூடிச் செல்லும் வழி

பீகாரில் 2006-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியர்க்குச் சைக்கிள் வழங்கும் திட்டம் தொடங்கியது. அதனை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகியோர், உரிய வயதில் உயர்நிலைக் கல்வியில் சேரும் மாணவியர் 32 விழுக்காடு உயர்ந்தனர் என 2017-இல் எழுதினர். பள்ளி தொலைவிலிருந்த ஊர்களிலேயே பயன் மிகுதி. பல பெண்கள் ஒரே காலத்தில் கூட்டமாகச் சென்றது பாதுகாப்பைக் கூட்டியிருக்கலாம் என்பதும் அவர்கள் கருத்து. அதாவது, சைக்கிளோடு துணையும் கிடைத்தது.

முடிவுரை

தொலைவு நட்பை நேராக முறிப்பதில்லை. வழி பிரிவதே முறிக்கிறது. 4 கிலோமீட்டரைச் சேர்ந்து நடந்த நாங்கள் இருவர் இன்றும் தோழியர். ஒரே ஊரிலிருந்தும் வேனில் சென்றவள் விலகிப் போனாள். ஆகவே பெற்றோர் பள்ளியைத் தேர்ந்தெடுக்கையில் தேர்ச்சி விகிதத்தையும் கட்டணத்தையும் கேட்பதுபோல, "யாருடன் போய் வருவாள்?" என்றும் கேட்க வேண்டும். ஒரு தெருப் பெற்றோர் கூடிப் பேசி முடிவு செய்தல் நலம். கிராமங்களிலிருந்து வந்துள்ள நாமும் நம் ஊரில் இவ்வாண்டு எட்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகள் யார், அவர்களுள் தனித்து நடக்கப் போவது யார் என்று விசாரித்து அறிவோமாக. பிள்ளைகளின் நட்பு விளையாட்டன்று. சிலருக்கு அதுவே பள்ளிக்குச் செல்லும் பாதையாகும்.