மரிக்கொழுந்து பாசி எந்தக் குடும்பம்?

மன்னார் வளைகுடாவில் பெண்கள் முங்கி எடுக்கிற மரிக்கொழுந்து பாசி, அகர் தரும் சிவப்புப்பாசி. அறிவியல் பெயர் ஜெலிடியெல்லா அசெரோசா. பார்வைக்கு ஜெலிடியம் பாசியின் பங்காளி மாதிரி இருக்கும். ஆனால் தண்டைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பாருங்க: ஜெலிடியத்துக்குள் மெல்லிய நாரிழைகள் ஓடும், இதில் கிடையாது. பாறையைப் பற்றும் அடிப்பகுதியும் வேறு. ஆர்பிசிஎல் மரபணுவை ஒப்பிட்டபோதும் அதே பதில்தான். இரண்டு சாட்சியும் ஒத்துப்போக, 1961-இல் முன்மொழிந்த தனிக் குடும்பம் 2006-இல் மறுபடி நிலைபெற்றது.

குடும்பத்தைக் காட்டிக்கொடுத்த அந்த அடிப்பகுதியில் இருந்துதான் பாசி மறுபடி துளிர்க்கும். கீரை மாதிரி மேலாகக் கிள்ளினால் திரும்ப வளரும். அடியோடு பிடுங்கினா அடுத்த அறுவடை ஏது? கடல்பாசி உரம் வாங்கும்போது, எந்தப் பாசி, எப்படி எடுத்தது என்று கேளுங்க.