மேச்சேரி ஆடும் திடீர்மாற்றக் கணக்கும்

ஓர் ஆட்டினம் அண்மைக் காலத்தில் எண்ணிக்கையில் சரிந்ததா என்ற கேள்விக்கு மைக்ரோசாட்டிலைட் தரவு தரும் விடை, எந்தத் திடீர்மாற்ற மாடலை வைத்துக் கணக்கிட்டார்கள் என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அமைகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு இது தூரத்து விஷயமல்ல. தோலின் தரத்துக்குப் பெயர்போன மேச்சேரி செம்மறியும், சென்னைச் சிவப்பும் இத்தகைய ஆய்வுக்கு உட்படும் இனங்களே. சேலம் மாவட்டம் பொட்டனேரியில் மேச்சேரி ஆட்டுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது.

மைக்ரோசாட்டிலைட் என்பது சி-ஏ, சி-ஏ என்று ஒரே துணுக்கு அடுத்தடுத்து வரும் டி.என்.ஏ. பகுதி. அதில் மாற்றம் எப்படி நிகழ்கிறது என்பதற்கு மூன்று மாடல்கள் வழக்கில் உள்ளன. கிமுராவும் க்ரோவும் 1964இல் தந்த ஐ.ஏ.எம்., ஒவ்வொரு மாற்றமும் முன்பு இல்லாத அல்லீலை (அப்பகுதியின் ஒரு வடிவத்தை) உண்டாக்கும் என்கிறது. ஓட்டாவும் கிமுராவும் 1973இல் தந்த எஸ்.எம்.எம்.படி, ஒரு மாற்றத்துக்கு ஒரு துணுக்குதான் கூடும் அல்லது குறையும். டி ரியென்சோ குழுவின் 1994ஆம் ஆண்டு மாடலான டி.பி.எம்., பெரும்பாலும் ஒரு படி, எப்போதாவது பல படி என்று இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. மைக்ரோசாட்டிலைட்டின் இயல்புக்கு நெருங்கியது இதுதான்.

எண்ணிக்கை சரியும்போது அரிய அல்லீல்கள் முதலில் மறையும். ஹெட்டிரோசைகோசிட்டி, அதாவது ஓர் ஆட்டில் இரு வேறு அல்லீல்கள் இருக்கும் வாய்ப்பு, அவ்வளவு வேகமாகக் குறையாது. இதனால் தோன்றும் ஹெட்டிரோசைகோசிட்டி உபரியைத்தான் 'பாட்டில்நெக்' மென்பொருள் தேடுகிறது. அல்லீல் எண்ணிக்கை ஒன்றே என்றால், எதிர்பார்க்கப்படும் ஹெட்டிரோசைகோசிட்டி ஐ.ஏ.எம்.மில் குறைவாகவும் எஸ்.எம்.எம்.மில் அதிகமாகவும் வரும். அதனால் ஒரே மந்தையின் தரவு ஐ.ஏ.எம்.மில் 'சரிவு உண்டு' என்றும், எஸ்.எம்.எம்.மில் 'இல்லை' என்றும் சொல்லக்கூடும். ஐ.ஏ.எம். முடிவை மட்டும் பிடித்துக்கொண்டு இனம் அழிகிறது என்று எழுதுவது சரியல்ல.

டி.பி.எம். எடுத்தாலும் அமைப்பைத் தொடாமல் விடக் கூடாது. மென்பொருளோடு வரும் அமைப்பில் ஒரு படி மாற்றம் 70 சதவீதம், பல படி மாற்றங்களின் மாறுபாடு 30. மென்பொருளை உருவாக்கியவர்களே 1999இல் 95 சதவீதமும் 12உம் பரிந்துரைத்தார்கள். 2012இல் பீரி குழு, பல படி மாற்றங்கள் சராசரி 22 சதவீதம் என்று காட்டியது. அந்த 95ஐ ஏற்பது பொய்ச் சரிவுகளைக் குறைத்தாலும் உண்மைச் சரிவையும் தவறவிடக்கூடும். ஆகவே 70 முதல் 95 வரை சில மதிப்புகளில் ஓட்டிப் பார்ப்பதே நல்ல பழக்கம். முடிவு எல்லாவற்றிலும் ஒத்துவந்தால் நம்பலாம். ஆய்வுக்கு எடுத்த மைக்ரோசாட்டிலைட் குறிப்பான்கள் 20க்குக் கீழே என்றால் வில்காக்சன் சோதனையே பொருத்தம்.

மாடலுக்கு முன்னால் அல்லீல் பட்டியலைக் கண்ணால் பார்க்க வேண்டும். இரு எழுத்துத் துணுக்கு கொண்ட குறிப்பானில் 134, 136, 138 என்று நீளம் வரும் வரிசையில் 141 வந்தால், அது பக்கத்துப் பகுதியில் நேர்ந்த மாற்றமாகவோ அளவைத் தவறாகப் படித்ததாகவோ இருக்கும். அத்தகையவை மலிந்த குறிப்பானுக்கு எஸ்.எம்.எம். ஒத்துவராது. ஷாப்பில் உப்புப் போட்டு அடுக்கிய தோலிலிருந்து திசு எடுப்பதும் ஆபத்தே: பல ஊர் ஆடுகள் கலந்த குவியலில் வெளியூர் அரிய அல்லீல்கள் சேர்ந்து, உண்மைச் சரிவை மறைத்துவிடும். குரோம் பதனிட்ட பின்போ டி.என்.ஏ. கிடைப்பதே கடினம். உறவில்லாத ஆடுகளின் ரத்தத்தைக் கிராமத்திலேயே எடுப்பதுதான் முறை.

இனங்களுக்கிடையிலான வேறுபாட்டுக்கு வந்தால், படிமாற்றத்தை அடிப்படையாகக் கொண்ட ஆர்.எஸ்.டி. அளவையைவிட எஃப்.எஸ்.டி. அளவையே பெரும்பாலும் பொருந்தும். ஏனெனில் அண்மையில் பிரிந்த இனங்களைத் திடீர்மாற்றத்தைவிடத் தற்செயல் மரபணு நகர்வே அதிகம் வேறுபடுத்துகிறது. இனப் பிரிவுகளைக் கணிக்கும் 'ஸ்ட்ரக்ச்சர்' மென்பொருளில் திடீர்மாற்ற மாடல் தேர்வே கிடையாது.

ஆய்வறிக்கையில் மாடலின் பெயரோடு ஒரு படி விகிதமும் மாறுபாட்டு அளவும் அச்சாக வேண்டும். இல்லையேல் அந்தக் கணக்கை இன்னொருவர் சரிபார்க்க முடியாது.