இரண்டு லைன் இருந்தும் பில் ஏன் நிற்கிறது?

கடையில் கம்ப்யூட்டர் பில்லிங் வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் பலர், ஃபைபர் லைன் ஒன்றும், அது படுத்துவிட்டால் உதவிக்கு ஒரு சிம் கார்டு இணைப்பும் வாங்கி வைத்திருக்கிறார்கள். ஒன்று போனால் மற்றதற்குத் தானாக மாறிக்கொள்ளும் ரூட்டருக்கும் பணம் கொடுத்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் லைன் போன அன்று பில்லிங் நின்றது, கடை போன் ஊமையானது, ஈ-வே பில் எடுக்க முடியாமல் சரக்கு ஏற்றிய லாரி வாசலிலேயே கிடந்தது என்ற குறை நம் காதுக்கு அடிக்கடி வருகிறது. அதே நேரத்தில் கடைப் பையனின் செல்போனில், அதே வைஃபையில், படம் ஓடிக்கொண்டிருக்கும்! ரூட்டர் போட்டவரும் "லைன் இருக்கிறதே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவர் சொல்வதும் உண்மைதான்.

கடைக்குள் இருக்கும் கம்ப்யூட்டர், போன், கேமரா ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் ஓர் எண் உண்டு. அது கடைக்குள் மட்டுமே செல்லுபடியாகும். வெளியே போகும் தகவலில் இந்த எண்ணை எடுத்துவிட்டு, லைன்காரர் கொடுத்த எண்ணைப் போட்டு அனுப்புவது ரூட்டரின் வேலை. 1994-ல் எழுதி வெளியிடப்பட்ட இந்த முறைக்கு 'நாட்' என்று பெயர். கணக்குப்பிள்ளை எல்லோருடைய கடிதத்தையும் கடை விலாசத்தில் அனுப்பி, எந்தப் பதில் யாருக்கு என்று நோட்டில் குறித்து வைப்பதைப் போல, ரூட்டரும் ஒரு பதிவு வைத்துக்கொள்கிறது.

லைன் மாறும்போது விலாசமும் மாறுகிறது. ஆனால் பழைய பதிவுகள் அப்படியே இருந்துவிடுகின்றன. புதிதாகத் தொடங்கும் தொடர்பு புது எண்ணில் போகும். அதனால் பையனின் படம் ஓடுகிறது. காலையில் திறந்து வைத்த பில்லிங் தொடர்போ பழைய எண்ணைப் போட்டுக்கொண்டே புது லைனில் போகப் பார்க்கும். பதில் வராது. லினக்ஸ் அமைப்பில் இத்தகைய பதிவுக்கு இயல்பான கெடு 5 நாட்கள்! இணைய வழிக் கடை போன் இன்னும் மோசம். சில விநாடிகளுக்கு ஒருமுறை அது 'இருக்கிறேன்' என்று செய்தி அனுப்பிக்கொண்டே இருப்பதால், பழைய பதிவுக்குக் கெடு முடிவதே இல்லை. ஆகவே, லைன் மாறியவுடன் பதிவுகளை அழித்துவிடும்படி ரூட்டரில் அமைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். அந்த வசதி இல்லாத ரூட்டரானால், அதை அணைத்துப் போடுவதே வழி.

பையனின் படமும் ஓடவில்லை என்றால் கோளாறு வேறு. ரூட்டருக்குள்ளிருந்து சோதித்தால் வெளியே போகிறது, கம்ப்யூட்டரிலிருந்து போகவில்லை என்றால், எண் மாற்றும் விதியை முதல் லைனுக்கு மட்டும் எழுதிவிட்டு இரண்டாவதை மறந்திருக்கக்கூடும். இரண்டு மோடமும் ஒரே 192.168.1.1 எண்ணில் இருந்தாலும் ரூட்டர் குழம்பும். ஒன்றை மாற்றிவிட வேண்டும். வீட்டிலிருந்து கடைக் கேமராவைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சிம் இணைப்பில் பெரும்பாலும் கம்பெனியே ஒரே வெளி எண்ணைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. வெளியிலிருந்து நேராக உள்ளே வர வழியில்லை. அதற்கு ரூட்டர்காரரைக் கோபித்துப் பயனில்லை.

சோதிப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ரூட்டருக்கும் மோடத்துக்கும் இடையேயுள்ள வயரைப் பிடுங்கிக் காட்டி 'மாறிவிட்டது பாருங்கள்' என்பார்கள். உண்மையில் லைன் அறுவது தெருவில், மோடத்துக்கு அப்பால். அப்போது மோடம் விளக்கு எரியும். ரூட்டரும் எல்லாம் சரி என்றே நினைத்துக்கொண்டிருக்கும். எனவே வெளியூர் எண் ஒன்றைத் தொட்டுப் பார்த்து லைனைச் சோதிக்கும்படி ரூட்டரை அமைத்து, மோடத்தில் நுழையும் ஃபைபர் வயரையே கழற்றிப் பார்க்க வேண்டும். (கழற்றிய முனையைக் கண்ணருகே கொண்டுபோக வேண்டாம்.) கடை திறப்பதற்கு முன், பில்லிங்கும் போனும் ஓடும்போதே இதைச் செய்து பாருங்கள்.

பழைய லைன் திரும்பி வரும்போதும் இதே அறுபடல் மறுபடி நடக்கும். லைன் விட்டு விட்டு வரும் நாளில் ரூட்டரும் போய்ப் போய் வந்தால் வியாபாரம் கெடும். முதல் லைன் 10 நிமிடமாவது நிலையாக இருந்த பிறகே திரும்பும்படி வைத்துக்கொள்வது நல்லது. மாறிய அந்த வேளையில் கார்டு தேய்த்தது பாதியில் நின்றால், இரண்டாம் முறை தேய்க்குமுன் முதல் தொகை வரவாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.