மாடி வீட்டுக்கு ஒரு கம்பியில்லாப் பாலம்



நம்மில் பலருக்குக் கீழே கடை, மேலே குடித்தனம். இன்டர்நெட் கம்பி கடையோடு நின்றுவிடும். ரௌட்டர் பெட்டியும் கல்லாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும். மாடியிலுள்ள பழைய டெலிவிஷனிலோ லேன் கம்பி செருகும் துவாரம் உண்டு, வைஃபை கிடையாது. என் வீட்டு நிலையும் இதுவே. ரமலானில் மக்காவின் தராவீஹ் தொழுகையை நேரடியாகப் பார்க்க வேண்டுமென்று உம்மா ஆசைப்பட்டார்கள். மக்கா நேரம் நமக்கு 5 மணி பின்னால். அங்கே தராவீஹ் தொடங்கும்போது இங்கே நள்ளிரவு தாண்டிவிடும். அந்நேரத்தில் வயதானவர்களைக் கடைக்கு இறக்கிக்கொண்டு வருவதா?

புது டெலிவிஷன் வாங்கும்படி மச்சான் சொன்னார். அதற்கு அவசியமே இல்லை. 'வயர்லெஸ் பிரிட்ஜ்' என்னும் சிறு கருவி, ரௌட்டரின் அலையை வாங்கிக் கம்பி வழியாக டெலிவிஷனுக்குக் கொடுக்கிறது. அதனுடன் ஒரு சுவிட்ச் பெட்டியைச் சேர்த்தால், பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டிக்கும் கம்பி கொடுக்கலாம்.

நான் முதலில் ரிப்பீட்டர் ஒன்றை வாங்கி ஏமாந்தேன். அது அலையை வாங்கி மறுபடியும் அலையாகவே வீசுவது. ஒரே ரேடியோ உள்ளதாயின், வாங்குவதும் வீசுவதும் மாறி மாறி நடப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். நான் வாங்கியதில் கம்பித் துவாரமும் இல்லை. காசு போனதுதான் மிச்சம். ஆகவே, 'பிரிட்ஜ்' அல்லது 'கிளையன்ட்' முறை உண்டா, லேன் துவாரம் உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

கருவியை முதலில் ரௌட்டர் அருகிலேயே வைத்து, வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணைத்த பிற்பாடு மாடிக்குக் கொண்டு போக வேண்டும். அதில் 'டி.எச்.சி.பி.' அணைந்திருக்கட்டும், முகவரி வழங்கும் வேலை ரௌட்டருடையது, இருவர் வழங்கினால் குழப்பம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, சுவரைக் கண்டால் தளரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் அக்கம்பக்கத்துக் கடைகளின் நெரிசல் அதில் அதிகம். எங்களுடையது பழைய செங்கற் சுவர். கருவியை மாடிப்படித் திறப்பில் வைத்த பிறகே படம் நின்று நின்று ஓடுவது ஒழிந்தது.

வியாபாரிகள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. கடைக் கணக்குக் கம்ப்யூட்டரும் கார்டு இயந்திரமும் இருக்கும் வலையில் பழைய டெலிவிஷனைச் சேர்க்காதீர்கள். பழைய பெட்டிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுபோயிருக்கும். களவுக்கு அதுவே வாசல். அநேக ரௌட்டர்களில் விருந்தினர் வலை என்று தனியே ஒன்று உண்டு. உம்மாவின் டெலிவிஷனை அதில்தான் வைத்திருக்கிறேன்.