உணவு விடுதியில் கொடுக்கும் இனாம்

ஓட்டலில் சாப்பிட்டு முடித்ததும் சர்வர் ஒரு சிறு தட்டில் பில்லையும் சோம்பையும் கொண்டு வந்து வைக்கிறார். மீதிச் சில்லறையில் பத்தோ இருபதோ அத்தட்டிலேயே விட்டு வருவது நம்மவரிடையேயும் வழக்கமாகி விட்டது. 'இது இலஞ்சம், கூடாது' என்பார் சிலர். 'உழைப்பவனுக்குக் கொடுப்பதில் என்ன கேள்வி?' என்பார் வேறு சிலர். எப்போது, எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்று பாராமல் இதற்கு ஒரே சொல்லில் சட்டம் கூற இயலாது.

பணியாள் உணவைக் கொண்டு வந்தால் அவரைத் தம்முடன் அமர்த்தி உண்ணச் செய்ய வேண்டும். அது இயலாவிடில் ஒன்றிரண்டு கவளமாவது கொடுக்க வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். அடுப்பின் சூட்டையும் சிரமத்தையும் தாங்கியவர் அவரே என்பதைக் காரணமாகவும் கூறினார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரியில் உள்ளது. ஓட்டல் சர்வர் நம் பணியாளர் அல்லர். ஆயினும் இந்த ஹதீஸ் ஊட்டும் இரக்கம் அவருக்கும் உரியதே. உண்டு முடித்த பின், மனம் பொருந்திக் கொடுப்பது அன்பளிப்பாகும், ஆகுமானது. வாங்குபவர் முஸ்லிமாக இருக்க வேண்டுமென்பதில்லை. ஆனால் இதை ஸகாத் கணக்கில் எழுதிக் கொள்வோர் கவனிக்க வேண்டும்: செய்த வேலைக்குப் பிரதியாகக் கொடுத்தது ஸகாத் ஆகாது.

கொடாதவரை முகம் சுளித்துப் பார்ப்பதும், பிள்ளைகள் முன்னிலையில் வெட்கப்பட வைத்துக் கறப்பதும் தவறு. வெட்கத்துக்கு அஞ்சிக் கொடுத்ததை மனம் பொருந்திக் கொடுத்ததாக ஃபிக்ஹு அறிஞர்கள் கொள்வதில்லை.

நாம் அஞ்ச வேண்டிய இடம் வேறு. வாடிக்கையாக வருபவர் உட்கார்ந்தவுடனேயே ஒரு நோட்டைச் சர்வர் கையில் திணிக்கிறார். அவர் பிரியாணியில் இரண்டு துண்டு இறைச்சி கூடுதலாக வைத்து, பில்லில் எழுதாமல் விடுகிறார். இருவருக்கும் மகிழ்ச்சி. ஆனால் அந்த இறைச்சி யாருடையது? முதலாளியுடையதல்லவா? சர்வரிடம் அது அமானிதம். ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர் திரும்பி வந்து, 'இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது' என்றபோது நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறிக் கண்டித்தார்கள். பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று வினவினார்கள். அது பொதுப் பதவியில் இருந்தவரைப் பற்றியது. பிறர் பொருளைக் கையில் வைத்திருக்கும் எவருக்கும் அதில் பாடமுண்டு. எல்லோருக்கும் தாராளமாக ஊற்றும் சால்னாவை நாம் சொல்லவில்லை. அதற்கு முதலாளியின் சம்மதம் உண்டு. பில்லில் ஏறாத துண்டை அறிந்தே உண்டவர் அதன் விலையை முதலாளியிடம் கொடுத்து விடுவதே வழி.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. 'டிப்ஸ் கிடைக்கிறதே' என்று பேசிய கூலியைக் குறைப்பவர், வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடாதவருக்கு மறுமையில் அல்லாஹ்வே எதிர்வாதி என்ற எச்சரிக்கையை எண்ணிப் பார்க்கட்டும். அமெரிக்காவிலோ சட்டமே இப்படி அமைந்திருக்கிறது. இனாம் பெறும் தொழிலாளிக்கு முதலாளி தர வேண்டிய குறைந்தபட்சக் கூலி அந்நாட்டு மத்திய சட்டப்படி மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991 முதல் இந்தத் தொகை ஏறவில்லை. பெரும்பாலான மாநிலங்களில் இதைவிடக் கூடுதல். வழக்கத்தில் அறியப்பட்டது நிபந்தனையிட்டதற்குச் சமம் என்பது ஃபிக்ஹு விதி. ஆகவே அங்கு வாழும் நம் பிள்ளைகள் அவ்வூர் வழக்கை அறிந்து கொண்டே சாப்பிட்டு விட்டு, 'இனாம்தானே' என்று வெறுங்கையுடன் எழுவது முறையன்று.

நம் நாட்டில் சில பெரிய விடுதிகள் 'சர்வீஸ் சார்ஜ்' என்று பில்லிலேயே சேர்த்து விடுகின்றன. இவ்வாறு தாமாகச் சேர்ப்பதை 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடுத்தது. 2025 மார்ச்சில் டில்லி உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கட்டாயமாகப் பிடுங்குவது அன்பளிப்பு ஆகாதென்பது நமக்குப் புதிய செய்தியன்று. வேண்டாமெனில் நீக்கச் சொல்லலாம். சர்வரிடம் சினந்து பேசத் தேவையில்லை, பில் போடுபவர் அவரல்லர்.

இப்போது பலர் கைப்பேசியிலேயே பணம் செலுத்துவதால், இனாமும் சேர்ந்து கடைக் கணக்குக்குப் போய் விடுகிறது. சர்வருக்கென்று சொல்லிச் செலுத்தியிருந்தால் அது முதலாளியிடம் அமானிதம். அன்றைக்கே எடுத்து உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும்.